குளிருக்குள் இருந்து சூடு இறைத்த கதை

நோர்வேயில் தனி வீடுகள் உள்ள எந்தத் தெருவில் நடந்தாலும் சுவரோரம் ஒரு வெள்ளைப் பெட்டியைக் காணலாம். உள்ளே விசிறி சுற்றும். மாரிக்காலத்தில் இடைக்கிடை அதிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பும். ஊரில் இருந்து வந்த என் மாமா அதைப் பார்த்துவிட்டு, “இந்தக் குளிருக்குள்ளயும் ஏசி போடுறாங்களோ?” என்று கேட்டார். அவர் பாதி சரி. அது ஏசியேதான், ஆனால் மறுபக்கமாக ஓடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளாமல், வெளியே இருக்கும் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. நோர்வேஜிய மொழியில் இதற்கு ‘வார்மெபும்பெ’ என்று பெயர். தமிழில் வெப்பப் பம்பி என்று சொல்லலாம்.

இதைப் பற்றி ஏன் எழுதுகிறேன்? இதை வாசிக்கும் உங்களில் பலர்தான் வீட்டில் கறண்ட் பில்லை அம்மா அப்பாவுக்கு வாசித்து விளக்குகிறீர்கள். இன்னும் பத்து வருடத்தில் உங்களில் சிலர் வீடு வாங்குவீர்கள். அப்போது எதனால் வீட்டைச் சூடாக்குவது என்ற கேள்வி உங்கள் முன் வந்து நிற்கும். விற்க வருகிறவர் ஒரு கதை சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு கதை சொல்வார். மூன்றாவதாக வரலாறும் ஒரு கதை சொல்கிறது. அதையும் கேட்டு வைப்பது நல்லது.

துலாவும் பம்பியும்

வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் தோட்டக்காரருக்குக் கிணறுதான் எல்லாம். எங்கள் பாட்டன்மார் காலத்தில் துலா மிதித்து நீர் இறைத்தார்கள். ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடப்பார், இன்னொருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர்ப் பம்பிகள் வந்தன. இந்த இரண்டில் எதுவும் தண்ணீரை உண்டாக்கவில்லை. தண்ணீர் கீழே ஏற்கெனவே இருந்தது. அதை மேலே தூக்குவதற்குத்தான் உழைப்பும் எண்ணெயும் செலவாயின.

வெப்பப் பம்பி செய்வதும் இதே வேலைதான். வெளியே மைனஸ் 15 பாகை என்றால் நமக்குச் சூடே இல்லாத மாதிரித் தெரியும். ஆனால் வெப்பம் அடியோடு இல்லாமல் போவது மைனஸ் 273 பாகையில். அந்தக் கணக்கில் பார்த்தால் மைனஸ் 15 பாகைக் காற்றிலும் நிறைய வெப்பம் கிடக்கிறது. கிணற்று நீர் மாதிரி அது தாழ்ந்த மட்டத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அதைத் தூக்கும் முறை இது. பெட்டிக்குள் மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஒரு திரவம் இருக்கிறது. உதாரணத்துக்கு, புரொப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதிக்கும். அதைவிடச் சூடான வெளிக்காற்று பட்டதும் அது வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்பிரசர் அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். அதேபோல் அழுத்தப்பட்ட ஆவியும் சூடாகிறது. வீட்டுக்குள் வந்து சூட்டைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு ஒரு வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, வெளியே திரும்புகிறது. சாதாரண மின் ஹீற்றர் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஒரு பங்கு வெப்பம் தரும். நல்ல வெப்பப் பம்பி இதமான நாளில் மூன்று நான்கு பங்கு தரும்.

கிணறு ஆழமானால் இறைக்கிற வேலையும் கூடும். இங்கேயும் அப்படித்தான். வெளியே குளிர் கூடக் கூட, உள்ளே கேட்கும் சூடு கூடக் கூட, மின்சாரச் செலவு கூடும். 1824 இல் சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் நீராவி இயந்திரங்களைப் பற்றி எழுதிய சிறு நூலில் இருந்து வளர்ந்த விதி இது. எந்தக் கம்பனியின் விளம்பரமும் இதைத் தாண்டிப் போக முடியாது.

உப்பு, விறகு, நிலக்கரி

1852 இல் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தொம்சன் ஒரு யோசனையை வெளியிட்டார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர் இவர்தான். எரிபொருளை எரித்து நேராக வீட்டைச் சூடாக்குவதை விட, அந்த எரிபொருளால் ஒரு இயந்திரத்தை ஓட்டி வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இறைத்தால் செலவு குறையும் என்றார். கணக்கு சரிதான். ஆனால் யாரும் வாங்க வரவில்லை. அன்றைய பிரித்தானியாவில் நிலக்கரி மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தது.

அடுத்த அடியை வைத்தவர்கள் உப்புக் காய்ச்சுகிறவர்கள். உப்பு நீரைக் காய்ச்ச மலையளவு விறகு தேவைப்பட்டது. 1850களின் நடுப்பகுதியில் ஒஸ்திரியாவின் எபென்சே உப்பாலையில் பீற்றர் ரிட்டிங்கர் என்ற பொறியியலாளர், கொதிக்கும்போது வீணாகப் போகும் நீராவியை நீர்ச்சக்தியால் அழுத்திச் சூடேற்றி, அதே உப்பு நீரைக் காய்ச்சத் திருப்பி அனுப்பிப் பார்த்தார். சோதனை முழுதாக வெற்றி பெறவில்லை. ஆனால் 1877 இல் சுவிற்சர்லாந்தின் பே என்ற ஊர் உப்பாலையில் அதே முறை நன்றாகவே வேலை செய்தது.

வீட்டுக்குள் இது வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது. 1920களின் பிற்பகுதியில் ஹோல்டேன் என்ற பொறியியலாளர் ஸ்கொட்லாந்தில் தன் சொந்த வீட்டில் ஒரு வெப்பப் பம்பியை அமைத்துச் சோதித்தார். 1930 இல் அதன் அளவீடுகளை வெளியிட்டார். தன் வீடு, தன் குளிர், தன் கணக்குப் புத்தகம். விளம்பரத்தை நம்பாமல் அளந்து பார்த்த வீட்டுக்காரர் என்று இவரைச் சொல்லலாம்.

பெரிய அளவில் இதைக் கையில் எடுத்தது சுவிற்சர்லாந்து. மலையும் ஆறும் உள்ள அந்த நாட்டில் மின்சாரம் இருந்தது, நிலக்கரி இல்லை. 1938 இல் சூரிச் நகரின் பழைய நகரமன்றக் கட்டடம், தன் காலடியில் ஓடும் லிம்மட் ஆற்றின் குளிர்ந்த நீரில் இருந்து வெப்பத்தை எடுக்கத் தொடங்கியது. அந்த இயந்திரம் 2001 வரை, 60 வருடங்களுக்கு மேல் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நிலக்கரி வரத்துச் சுருங்கியதும் அந்த நாட்டில் இன்னும் பல கட்டடங்கள் இந்த வழிக்கு வந்தன. 1945 இல் இங்கிலாந்தின் நோரிச் நகரில் ஜோன் சம்னர் என்ற மின் பொறியியலாளர், போர்க்காலத் தட்டுப்பாட்டுக்குள் பழைய பாகங்களைச் சேர்த்து, வென்சம் ஆற்று நீரில் இருந்து ஒரு கட்டடத்தைச் சூடாக்கிக் காட்டினார்.

கவனித்தீர்களா? அறிவு 1852 இலேயே இருந்தது. ஆனால் விறகோ நிலக்கரியோ கைக்கு எட்டாமல் போன இடத்தில்தான் இயந்திரம் வந்தது. எரிபொருள் மலிந்ததும் மறக்கப்பட்டது. போருக்குப் பிறகு மலிவான எண்ணெய் ஐரோப்பாவில் பாய்ந்தபோது நடந்ததும் அதுதான்.

எண்ணெய்க்கு விலை ஏறிய மாரி

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. ஒரு பீப்பாய் சுமார் 3 டொலரில் இருந்து சில மாதங்களுக்குள் 12 டொலர் அளவுக்குப் போனது. அப்போது சுவீடனின் வீடுகள் பெரும்பாலும் எண்ணெயில் சூடாகிக்கொண்டிருந்தன. அரசும் மக்களும் விழித்துக்கொண்டார்கள். 1980களில் மானியத்தோடு வெப்பப் பம்பிகள் வேகமாகப் பரவின.

பிறகு வந்த பகுதியை வீட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் முளைத்த சில கம்பனிகள் தரமற்ற இயந்திரங்களைப் பூட்டிவிட்டுப் போயின. 1980களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்தது, மானியமும் நின்றது. சந்தை படுத்தது. இயந்திரம் பழுதானவர்களுக்குக் கூப்பிட ஆளில்லை. வெப்பப் பம்பி என்றால் ஏமாற்று என்ற பேச்சுப் பரவியது.

அந்தப் பெயரை மாற்றியது ஒரு போட்டி. 1990களின் தொடக்கத்தில் சுவீடனின் அரச நிறுவனம் ஒன்று, சந்தையில் உள்ளதை விட 30 வீதம் திறன் கூடியதும் 30 வீதம் மலிவானதுமான வீட்டு வெப்பப் பம்பியைச் செய்யுங்கள் என்று அறிவித்தது. வாங்குகிறவர்களையும் முன்கூட்டியே சேர்த்து வைத்தது. தயாரிப்பாளர்கள் செய்து காட்டினார்கள். சோதனைச் சாலையில் அளந்த எண் கைக்கு வந்ததும் மக்களின் நம்பிக்கை திரும்பியது.

இதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் யப்பான் வேறு வழியில் போனது. அங்கே வெப்பமும் குளிரும் ஒரே சுவர்ப் பெட்டியில் வந்தன. 1980களின் தொடக்கத்தில் தோஷிபா, வீட்டு ஏசியில் இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. அதற்கு முன் கம்பிரசர் ஒன்றில் முழுவேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். இன்வெர்ட்டர் வந்தபின் தேவைக்கேற்ப மெதுவாகவும் ஓடியது. மெதுவாக ஓடுவதுதான் இதில் சிக்கனம். இன்று நோர்வேச் சுவர்களில் தொங்கும் பெட்டிகளில் தோஷிபா, மிற்சுபிஷி, பனசோனிக், டைக்கின் என்ற பெயர்கள் ஏன் என்று இப்போது புரிகிறதா?

நோர்வேயின் வறண்ட இலையுதிர்காலம்

நோர்வேயின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்களவு அணை நீரில் இருந்து வருகிறது. நீண்ட காலம் அது மலிவாக இருந்ததால் வீடுகளில் சுவரோரம் மின் ஹீற்றரும் ஒரு விறகு அடுப்பும் போதும் என்று கட்டினார்கள். ஜேர்மனியிலோ இங்கிலாந்திலோ இருப்பது போல் சுடுநீர் ஓடும் ரேடியேற்றர்கள் பெரும்பாலான வீடுகளில் இல்லை.

2002 இலையுதிர்காலத்தில் மழை பொய்த்தது. அணைகள் வற்றின, குளிரும் முந்திக்கொண்டு வந்தது. அந்த மாரியில் மின்சார விலை பல மடங்கானது. 2003 இல் அரசு வெப்பப் பம்பிக்கு மானியம் அறிவித்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. குழாய் இழுக்கத் தேவையில்லாத, வரவேற்பறைச் சுவரில் ஒரு நாளிலேயே பூட்டக்கூடிய யப்பானியப் பெட்டி நோர்வே வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. மானியம் போன பிறகும் மக்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2012 அளவில் நான்கில் ஒரு குடும்பத்துக்கு மேல் அது இருந்தது. 2020 சனவரி 1 முதல் கட்டடங்களை எண்ணெயால் சூடாக்குவது சட்டத்தால் தடை செய்யப்பட்டது. எண்ணெய் விற்றுப் பணக்காரரான நாடு இந்தத் தடையைப் போட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு இந்த இயந்திரத்தோடு இன்னும் பழைய உறவு உண்டு. 1980களில் இருந்து தமிழர்கள் பலர் வடகோடியில் உள்ள பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். மீனை உறைய வைக்கும் இயந்திரமும் இதே குடும்பம்தான். மீனின் சூட்டை உறிஞ்சி வெளியே எறியும். இடைவேளையில் இயந்திர அறை வாசலில் நின்று கை காய்ச்சியதாக அப்பா சொல்வார். மீனில் இருந்து வந்த சூடு தன் கையைக் காய்ச்சியது என்று நான் விளக்கியபோது அவர் சிரித்தார். “அப்ப சம்பளத்தோட அதையும் தந்திருக்கிறாங்கள்” என்றார்.

தெரிவு செய்யும்போது

வரலாறு தரும் முதல் பாடம், வீட்டைப் பார்த்து இயந்திரத்தைத் தெரிவது. மூன்று வகை உண்டு. வெளிக்காற்றில் இருந்து எடுத்து அறைக்காற்றில் விடுவது ஒன்று. நோர்வேயில் அதிகம் இருப்பது இதுதான், பூட்டுவதோடு சில பத்தாயிரம் குரோனர்களில் முடியும். வெளிக்காற்றில் இருந்து எடுத்து ரேடியேற்றர் நீரில் அல்லது நிலத்துக்குக் கீழுள்ள குழாய் நீரில் விடுவது இரண்டாவது. நூறு மீற்றருக்கு மேல் துளையிட்டுப் பாறையில் இருந்து எடுப்பது மூன்றாவது. மாரியிலும் பாறை அவ்வளவாகக் குளிராது என்பதால் அந்தக் கிணறு ஆழம் குறைந்த கிணறு. ஆனால் செலவு இலட்சங்களில் போகும்.

இங்கிலாந்து, ஜேர்மனி வாசகர்களுக்கு இரண்டாவது வகைதான் பெரும்பாலும் வரும். 2022 இல் உக்ரேன் போரோடு எரிவாயு விலை ஏறியபோது ஐரோப்பாவில் ஒரே வருடத்தில் சுமார் 30 இலட்சம் வெப்பப் பம்பிகள் விற்றன. அடுத்த வருடம் விற்பனை இறங்கியது. பழைய கதை மீண்டும்! அங்கே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் ரேடியேற்றர் எவ்வளவு சூடான நீரை எதிர்பார்க்கிறது என்பது. 70 பாகை கேட்கும் சிறிய ரேடியேற்றர் என்றால் கிணறு ஆழம். 40 பாகையிலேயே வீட்டைச் சூடாக்கும் பெரிய ரேடியேற்றர் என்றால் கிணறு மேலோட்டம். சுவருக்கும் கூரைக்கும் காப்பிடுவதும் இதே உதவியைச் செய்யும்.

இரண்டாவது, எந்த எண்ணைக் கேட்பது என்பது. 7 பாகையில் எவ்வளவு திறன் என்று விளம்பரம் பெரிதாகப் போடும். உங்கள் ஊரின் கடுங்குளிரில் எத்தனை கிலோவாட் வெப்பம் தரும், ஒரு முழு மாரிக்குச் சராசரித் திறன் என்ன என்று கேளுங்கள். சுவீடன்காரர் பட்ட பாட்டின் பின், பூட்டுகிறவர் பத்து வருடம் கழித்தும் இருப்பாரா என்பதையும் கேளுங்கள்.

பயன்படுத்தும்போது

எங்கள் பெற்றோர் தலைமுறைக்குச் சிக்கனம் என்றால் அணைப்பது. வெளியே போகும்போது எல்லா ஆளியையும் அணைத்துவிட்டுப் போவார்கள். மின் ஹீற்றருக்கு அது சரி. வெப்பப் பம்பியைக் காலையில் முழுதாக அணைத்துவிட்டு மாலையில் போட்டால், குளிர்ந்த வீட்டை மீட்க அது முழுவேகத்தில் ஓடும். முழுவேகத்தில்தான் அதன் திறன் குறைவு. ஆகவே மிச்சம் பிடித்ததில் பெரும் பகுதி அங்கே போய்விடும். ஒரு வெப்பநிலையை வைத்துவிட்டு, வேண்டுமானால் ஓரிரு பாகை மட்டும் குறைத்து, அதன் போக்கில் விடுவது நல்லது.

அடுத்தது கதவு. கறி மணம் வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் போகாதிருக்க எங்கள் வீடுகளில் கதவுகளைச் சாத்துவோம். ஒரு சுவரில் உள்ள பெட்டியின் சூடு சாத்திய கதவைத் தாண்டாது. சமைத்து முடிந்ததும் திறந்து விடுங்கள். தாளித்த எண்ணெய்ப் புகை பெட்டியின் வடிகட்டியில் பிசுக்காக ஒட்டும், தூசியும் அதில் சேரும். மாரியில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். வெளியே ஆவி கிளம்பினால் பயப்படத் தேவையில்லை. படிந்த உறைபனியை இயந்திரமே உருக்குகிறது. உருகிய நீர் வடிய வழி இருக்கிறதா, பனி பெட்டியை மூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. நோர்வேயின் புள்ளிவிபர நிறுவன ஆய்வாளர்கள், வெப்பப் பம்பி உள்ள குடும்பங்களின் மின்சாரப் பாவனை சராசரியாக மற்றவர்களை விடப் பெரிதாகக் குறையவில்லை என்று கண்டார்கள். காரணம் இயந்திரத்தில் இல்லை. சூடு மலிந்ததும் மக்கள் கூடுதல் சூடு வைத்தார்கள், முன்பு பூட்டிக் கிடந்த அறைகளையும் சூடாக்கினார்கள், விறகைக் குறைத்தார்கள், கோடையில் குளிராக்கவும் போட்டார்கள். குளிரில் நடுங்கிய அம்மம்மா 22 பாகையில் இருப்பது வீண்செலவு அல்ல. ஆனால் பில் குறையும் என்று நம்பி வாங்குகிறவர், தான் பணத்தை மிச்சம் பிடிக்கப் போகிறாரா, சுகத்தை வாங்கப் போகிறாரா என்று முதலே தெளிவாக இருப்பது நல்லது.

கயிறு எட்டாதவர்கள்

இதுவரை நான் ‘வீட்டுக்காரர்’ என்றே எழுதி வந்தேன். அந்தச் சொல்லுக்குள் வராதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குடும்பம் ஒஸ்லோவில் மாடிக் குடியிருப்பில் இருந்தது. வெளிச்சுவர் தனிக் குடும்பத்துக்குச் சொந்தமில்லை, குடியிருப்புச் சங்கத்துக்குச் சொந்தம். அப்பா வெப்பப் பம்பிக்கு அனுமதி கேட்டு எழுதினார். சுவரின் அழகு கெடும், சத்தம் வரும் என்று மறுத்துவிட்டார்கள். 2021 முடிவில் தென் நோர்வேயில் மின்சார விலை மீண்டும் எகிறியபோது, தனி வீடு உள்ள நண்பர்கள் மூன்று பங்கு சூடு இறைத்தார்கள். நாங்கள் ஒரு பங்குக்கு ஒரு பங்கு கொடுத்தோம். அம்மா ஒரே ஒரு அறையைச் சூடாக்கி எல்லோரையும் அங்கே இருந்து படிக்கச் சொன்னார். அந்த டிசம்பரில் அரசு உதவி தொடங்கியது. விலை 70 ஓரேயைத் தாண்டிய பகுதியில் முதலில் 55 வீதத்தை அரசு ஏற்றது, பிறகு 80 ஆகவும் 90 ஆகவும் கூட்டியது. அது பில்லைத் தாங்க உதவியது. சுவரில் இருந்த ஹீற்றரை அது மாற்றவில்லை.

வாடகைக்கு இருப்பவர்களின் நிலை இன்னும் கடினம். இயந்திரத்துக்குப் பணம் போட வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர், பில்லைக் கட்டுகிறவர் வாடகைக்காரர். சொந்தக்காரருக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு நெருக்கடியிலும் இந்த இயந்திரம் பரவியது உண்மை. முதலில் அது போய்ச் சேர்ந்தது சுவரும் முதலும் உள்ளவர்களிடம் என்பதும் உண்மை. ஊரில் கிணறு பங்குக்கிணறாக இருந்தது. இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு முறை என்று வைத்திருந்தார்கள். அதே நியாயம் இங்கேயும் பொருந்தும். ஒரு குடியிருப்பு முழுவதுக்கும் பொதுவாக ஒரு பெரிய வெப்பப் பம்பியைப் பூட்ட முடியும். அதை முடிவு செய்யும் இடம் வருடாந்தப் பொதுக்கூட்டம். எங்கள் பெற்றோரில் பலர் மொழிக்குப் பயந்து அந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை. எங்களுக்கு அந்த மொழி தாய்மொழிக்கு நிகராக வரும்.

அடுத்த வறண்ட இலையுதிர்காலமோ போரோ வரும்போது மீண்டும் எல்லோரும் வெப்பப் பம்பிக்கு ஓடுவார்கள், விலையும் ஏறும், அவசரக் கம்பனிகளும் முளைக்கும். சுவிஸ்காரர் ஆற்றங்கரையில் தொடங்கியது போருக்கு முன்னர். போர் வந்தபோது அவர்களிடம் இயந்திரமும் இருந்தது, அதை ஓட்டத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். உங்கள் குடியிருப்பின் அடுத்த பொதுக்கூட்டம் எப்போது என்று இந்தக் கிழமையே அம்மாவிடம் கேளுங்கள். அறிவித்தல் கடிதம் அநேகமாகப் பிறிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கும்.